விளக்கிலிருந்து இரண்டு மைல்

துறைமுக அலுவலகத்தில் அவளுக்கு 'முழுகினக்கா' என்று பெயர். தீவுகளைச் சுற்றி மூழ்கிப்போன கப்பல்களின் பதிவேடு அவள் பொறுப்பு, பெயர் ஒட்டிக்கொண்டது. பதினாறு வருடமாகப் பழைய கடிதங்களைக் கிளறி, எந்தக் கப்பல் எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடித்து, கடல் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கிறாள். மொத்தம் முப்பத்தெட்டு. பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'காரணம்' என்று ஒரு கட்டம்: மூடுபனி, புயல், கேப்டன் குடித்திருந்தான்.

இதையே படித்துப் படித்து அவளுக்குக் கடல் என்றாலே பயம். தம்பியோ தீவுகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் படகோட்டி. அவன் கரைக்குத் திரும்பும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

"நீ முழுக வைக்கிறவ, நான் மிதக்க வைக்கிறவன்" என்று கேலி செய்வான்.

அன்று காலை ஒரு கடிதத்தின் மூலையில் கறையைத் துடைத்தபோது தேதி தெரிந்தது. 'விளக்கிலிருந்து நேர்தெற்கே இரண்டு மைல்' என்று பிழைத்து வந்த மாலுமி எழுதியிருந்தான். அவளும் கலங்கரை விளக்கிலிருந்து அளந்து போன மாதம்தான் புள்ளி வைத்திருந்தாள். ஆனால் அந்தக் கப்பல் மூழ்கி ஒன்பது வருடம் கழித்துத்தான் விளக்கைக் கிழக்கு முனைக்கு மாற்றிக் கட்டினார்கள். இது பியூனுக்குக்கூடத் தெரிந்த கதை. தேதியைப் பார்க்காமல் அளந்த புத்திசாலி அவள்தான். கப்பல் கிடப்பது புள்ளிக்கு மேற்கே. கடலும் வற்றி, கிடப்பது படகின் அடியில் தட்டும் நேரம்.

வயர்லெஸ் அறைக்கு ஓடினாள்.

"எங்கடா இருக்க?"

"தெற்கு வாய்க்கால்ல, தீவுக்குப் போற வழியில. முப்பத்தோரு பேரு. ஏன்க்கா மூச்சு வாங்குற?"

"புதுப் புள்ளிக்கு எந்தப் பக்கம் போற?"

"மேற்கால ஒதுங்கித்தான். நீதானே வச்ச?"

"நிறுத்து. தப்பா வச்சுட்டேன். உனக்கு முன்னாலதான் கிடக்கு."

இரைச்சல் மட்டும் கேட்டது.

"தண்ணிக்குள்ள கறுப்பா இரும்பு தெரியுதுக்கா" என்றான் கடைசியில். "பின்னால எடுக்குறேன்."

மதியம் அவன் அலுவலகத்துக்கு வந்தபோது பதிவேட்டில் முப்பத்தொன்பதாவது வரி எழுதியிருந்தது. அவன் படகின் எண். காரணம்: நான்.

"முழுகாத படகுக்கு எதுக்குக்கா?"

"முழுகியிருந்தா இந்தக் கட்டத்துல உன் பேருதான் இருக்கும். படகோட்டி கவனக்குறைவுன்னு நானே என் கையால எழுதியிருப்பேன்."

அவள் முதல் பக்கத்துக்குத் திருப்பி, 'கேப்டன் குடித்திருந்தான்' என்பதன் பக்கத்தில், ஒரு கேள்விக்குறி போட்டாள்.