காக்கைக்காக வந்த ஜாஹா

ருதைனாவுக்கு யார் மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. தைக்கக் கொடுக்க வருகிறவள் "இடுப்பு பழைய அளவுதான்" என்று சொன்னாலும், டேப்பை எடுத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவாள். இர்பித் நகரத்தில் பல்கலைக்கழகத் தெருவுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் அவள் வீடு. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். அம்மா போனபின் தனியாள். பகலெல்லாம் தையல் மெஷின், சாயங்காலமானால் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு.

அந்த விளையாட்டை லேசாக நினைத்துவிடக் கூடாது. ஐந்து பேர் ஐந்து வீட்டில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே நிலவறைக்குள் இறங்குவார்கள். அறைக்கு அறை ஒரு பூதம். ஒருவன் முன்னே நின்று அடி வாங்க வேண்டும், மூன்று பேர் தாக்க வேண்டும், ஒருத்தி பின்னால் நின்று எல்லோருக்கும் காயம் ஆற்ற வேண்டும். அந்த ஒருத்திதான் ருதைனா. ஒன்பது வருஷமாக அதே வைத்தியக்காரியைச் சோறூட்டாத குறையாக வளர்த்து வைத்திருந்தாள்.

குளிர் தொடங்கும்போது டீமில் புதிதாக ஒருவன் சேர்ந்தான். வில்லாளி. தனக்கு வைத்துக்கொண்ட பேர் காக்கை. வந்த நாளிலிருந்து அவன் வாய் ருதைனா மேலேதான்.

"ஏய் தையக்காரி, ஊசில நூல் கோத்துட்டு இருக்கியா? இங்க நாங்க சாகுறோம்."

இது நல்ல நாளில். கெட்ட நாளில் செத்துப்போன அம்மாவையும் சேர்த்து இழுத்தான். டீமுக்குத் தலைவன் கல்தூன். அவன் மனைவி ருதைனாவிடம்தான் துணி தைக்கிறாள். அவன் சொல்வான், "விடுங்கக்கா, சின்னப் பய, சூடாயிட்டான்." ஒரு நாள் இழுத்து இழுத்துச் சொன்னான், "இன்னொரு வாட்டி தோத்தா ஆளை மாத்தணும்னு பசங்க பேசிக்கிறாங்கக்கா."

ருதைனா அன்று சாப்பிடவில்லை. ஆனால் யோசித்தாள். இவன் எப்போதும் மூன்றாவது அறையில், பெரிய சிலந்தி வரும்போது மட்டும் ஏன் கத்துகிறான்? நாலு பேரும் செத்து விழ, இவன் மட்டும் எப்படி நிற்கிறான்? கடைசியில் சிலந்தியைக் கொன்று, அது விட்டுப்போன பொருளையெல்லாம் தனியாக அள்ளுகிறானே?

அடுத்த முறை ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டாள். காயம் ஆற்றுகிறவளுக்கு ஐந்து பேர் உயிரும் ஐந்து பச்சைக் கோடாகத் திரையில் தெரியும். நாலு கோடு தேய்ந்தது. காக்கையின் கோடு அசையவே இல்லை. அவன் நின்ற இடத்தைப் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் சுவரில் ஒரு வெடிப்பு. அதற்குள் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு நிற்கிறான். விளையாட்டைச் செய்தவர்கள் கவனிக்காமல் விட்ட ஓட்டை அது. சிலந்தி அவனைத் தொட முடியாது, அவன் அம்பு மட்டும் வெளியே வரும். கத்துவதெல்லாம் அவள் கண் அந்தப் பக்கம் போகாமலிருக்கத்தான்.

எல்லாவற்றையும் வீடியோவாகப் பிடித்துக்கொண்டு கல்தூனிடம் சொன்னாள், கம்பெனிக்கு அனுப்பப்போகிறேன் என்று.

"அனுப்பினா ஒரே டீம்னு அஞ்சு பேர் கணக்கையும் சேர்த்து மூடிடுவாங்கக்கா. உங்க ஒன்பது வருஷமும் போயிடும். ஏன் வம்பு?"

அப்படி நடக்கக்கூடியதுதான். ஆனால் ஓட்டையைப் பற்றிக் கேட்டும் கல்தூனுக்குக் கொஞ்சம்கூட ஆச்சரியம் வரவில்லையே என்று அவளுக்கு உறுத்தியது.

இரண்டு நாள் கழித்து, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும், தாய்மாமன் அபூ மர்வான் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"என்னடி பண்ணித் தொலைச்ச? யாரையாவது கார்ல இடிச்சிட்டியா?"

"எங்கிட்ட காரே கிடையாதே மாமா."

"அப்ப எதுக்கு ஏழு பேர் ஜாஹா வர்றாங்க? எனக்குப் போன் பண்ணி நேரம் கேட்டாங்க."

ஜாஹா என்றால் கொலைப் பழியையே ஆற்றுவதற்கு வருகிற பெரியவர்கள் கூட்டம். வாசலேறி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் குடும்பத்துக்கே தலைகுனிவு. ஏழு பேரும் வந்து உட்கார்ந்ததும் மாமன் கசப்புக் காபி ஊற்றி ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தார். ஒருவரும் தொடவில்லை. கேட்க வந்ததைக் கொடுத்தேன் என்று வீட்டுக்காரர் வாயால் சொல்லும்வரை தொடமாட்டார்கள்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஹாஜி தௌகான் பேச்சை எடுத்தார். "எங்க பையன் சுஹைப், உங்க பொண்ணு மனசு நோகப் பேசிட்டான். சுரங்கத்துல வச்சு."

"எந்தச் சுரங்கம் ஹாஜி?"

ஹாஜி திரும்பி, கூட வந்திருந்த கல்தூனைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல இருக்கிற சுரங்கம்" என்றான் கல்தூன், தாழ்ந்த குரலில்.

"அதேதான். அவ ஏதோ படம் அனுப்பப் போறாளாம். அனுப்பக் கூடாது. அதைக் கேட்டுத்தான் வந்தோம்."

ருதைனா உள்வாசலில் நின்று முகங்களை அளந்துகொண்டிருந்தாள். அந்தச் சுஹைப்தான் காக்கை; அவனை அவள் கண்ணால் கண்டதில்லை. ஓரத்தில் இஸ்திரி போட்ட சட்டை, ஒழுங்காக வெட்டிய தாடி, ஒருவன் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்ததிலிருந்து ஸலாம்கூட முணுமுணுப்புதான். குரல் வெளியே வந்தால் தெரிந்துவிடுமே.

மாமன் வாயில் 'குடிங்க' என்ற சொல் வந்தே விட்டது.

"கொஞ்சம் பொறுங்க மாமா" என்று அவள் உள்ளே வந்தாள். "ஹாஜி, உங்க வார்த்தையத் தட்டுறவ இல்ல நான். ஒண்ணே ஒண்ணு. இவர் எனக்குச் சொன்னதை இப்ப உங்க முன்னாடி ஒரு வாட்டி சொல்லட்டும். சொல்லிட்டா எல்லாரும் காபியக் குடிங்க."

"அவ்வளவுதானா? சொல்லுப்பா."

"அது... விளையாட்டுல எல்லாரும் பேசுறதுதான் ஹாஜி." அதே குரல்.

"எல்லாரும் பேசுறதுன்னா நானும் கேக்கலாமே."

கல்தூன் பதறினான். "வேண்டாம் ஹாஜி, அக்காவோட அம்மா காலமானவங்க, அதைப் போய் இங்க..." பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

ஹாஜி தாடியைத் தடவிக்கொண்டே மாமன் பக்கம் திரும்பினார். "அபூ மர்வான், கேக்க வந்ததை நான் கேக்கல. வேற கேக்குறேன். இவனைக் கூட்டிட்டு உங்க வாசல் ஏறினதுக்கு எங்களை மன்னிக்கணும்."

மாமன் ருதைனாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். "குடிங்க" என்றார். சுஹைபின் கையும் கோப்பைக்குப் போனது. ஹாஜி பார்த்த பார்வையில் திரும்பி வந்தது.

அவர்கள் படி இறங்குவதற்குள் அவள் வீடியோவை அனுப்பிவிட்டாள்.

"விளையாட்டுல உன் வைத்தியக்காரியும் போயிடுவாளாமே?" என்றார் மாமன்.

"போனா போகட்டும் மாமா. எங்கம்மாவைப் பேசினவன் கூட நின்னு இனிமே யாருக்குக் காயம் ஆத்துறது?"

சொல்லிவிட்டாளே தவிர, பாவம், அந்த வாரம் முழுக்கத் தையல் கோணிக்கோணிப் போனது. பிறகு பதில் வந்தது. காக்கையின் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். மற்ற நாலு பேரிடமும் அந்தப் பருவத்து ஆட்டத்தில் கிடைத்த பொருளையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். அவளுடைய வைத்தியக்காரி ஒட்டுப்போட்ட பழைய அங்கியோடு, கையில் வெறும் கோலோடு நின்றாள். நின்றாளே, அது போதும்.

கல்தூன் போன் செய்தான். "எல்லாம் சரியாயிடுச்சுக்கா. வெள்ளிக்கிழமை இறங்கலாமா?"

"கல்தூன், அந்த ஓட்டைய நான் சொல்றதுக்கு முன்னாடி நீ பார்த்ததே இல்லையா?"

"என்னக்கா, இப்படிக் கேக்குறீங்க?"

"உன் வீட்டுக்காரியோட அபாயா தைச்சாச்சு. வந்து வாங்கிக்கச் சொல்லு" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.