சந்தனம் பூசிய போல்ட்

மோட்டார் சைக்கிளின் அடிவயிற்றுக்குச் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டும் வைத்த ஆள் சிங்கப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பக்தியெல்லாம் இல்லை, பயம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ராபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். பேனா பிடித்துப் பழகிய கை. ஆனால் கல்யாணத் தரகர் பெண் வீட்டில் போய், "பையனுக்கு இன்ஜின் வேலை அத்துப்படி. பிரிச்சுப் போட்டு மாட்டிடுவான்" என்று அளந்துவிட்டிருந்தார். பிரித்துப் போட்டது உண்மைதான். மாட்டியது என் மாமா.

மாமா என் அம்மாவின் தம்பி. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் விட்டுச்சென்ற பழைய மோட்டார் சைக்கிளை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். "ஓட்டு, கழுவு, பார்த்து ரசி. ஸ்பேனரை மட்டும் தொட்டுடாதே" என்பது அவர் எனக்கு இட்டிருந்த கட்டளை. மருமகன் மேல் அவருக்குப் பாசம் உண்டு, நம்பிக்கைதான் கிடையாது.

தரகர் அப்படிப் புளுகியதற்குக் காரணம் இருந்தது. பெண்ணின் அப்பா ரயில்வேயில் முப்பது வருஷம் ஃபிட்டர். கைவேலை தெரியாதவனுக்குப் பெண் இல்லை என்று முடிவாகச் சொல்லியிருந்தார். எனக்கு முன்னால் மூன்று பேரைக் கழித்துக் கட்டியிருந்தார். அதில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர், நல்ல மனிதர். ஸ்க்ரூடிரைவரைக் கரண்டி மாதிரி பிடித்தார் என்பதுதான் அவர் செய்த குற்றம்.

இந்த இடம் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணை அதற்கு முன்பே ஒரு கல்யாண வீட்டில் பார்த்துவிட்டேன். பந்தியில் எல்லாப் பெண்களும் இலையைப் பார்த்துக் கூச்சத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இன்னொரு அப்பளம் போடுங்கண்ணே, உடையாததா" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று மனத்துக்குள் தீர்மானமாகிவிட்டது. அவளுக்கு நான் ஒருவன் இருப்பதே தெரியாது.

ஆயுத பூஜையன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பட்டறைக்கே வருவதாக அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். பூஜைக்கு வந்த மாதிரியும் இருக்கும், மாப்பிள்ளையைப் பார்த்த மாதிரியும் இருக்கும். அந்தப் பூஜையில் மாமா எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். மற்ற நாளில் கெட்ட வார்த்தை இல்லாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றாத மனிதர், அன்று அதிகாலையிலேயே குளித்துவிட்டுப் பட்டறையில் உள்ள அத்தனை கருவிகளையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவார். அடுக்கியதை மறுநாள் விஜயதசமி காலைவரை எவனும் தொடக் கூடாது. தேங்காய் உடைக்கிற கத்திகூடத் தேங்காயை உடைத்த கையோடு வரிசைக்குப் போய்விடும்.

அன்று காலை ஏழு மணிக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. வரப்போகிறவர் ஃபிட்டர். இன்ஜின் எண்ணெயை விரல் விட்டுப் பார்த்தாலும் பார்ப்பார். அது தார் மாதிரி கறுத்துக் கிடந்தது. பழையதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினால் என்ன? மாமா பூசணிக்காய் வாங்கத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். கழுவக் காத்திருந்த குவியலிலிருந்து ஒரு ஸ்பேனரை உருவினேன்.

இன்ஜினுக்கு அடியில், தரையைப் பார்த்தபடி எண்ணெய் வடிக்கும் போல்ட் இருந்தது. ஸ்பேனர் அதில் கொஞ்சம் தொளதொளவென்று உட்கார்ந்தது. இடைவெளியை அடைக்கப் பால் டின்னிலிருந்து ஒரு தகடு வெட்டிச் செருகினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். புதுச் சட்டை அழுக்காகக் கூடாது என்பதால் கீழே படுக்காமல், வண்டியின் மேலாகக் குனிந்து கையை அடியில் விட்டுத் திருப்பினேன். அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புக் குழாயை மாட்டித் தொங்கினேன். ஒரு இழை நகர்ந்தது. சந்தோஷத்தில் இன்னும் பலமாகத் தொங்கினேன். கடைசியில் 'சர்ர்' என்று வழுக்கிக்கொண்டு போய் முழங்கையை ஃபுட்ரெஸ்ட்டில் இடித்துக்கொண்டேன். குனிந்து பார்த்தால் போல்ட்டுக்கு ஆறு மூலையில் ஒன்றுகூட மிச்சமில்லை. எலுமிச்சம்பழம்போல உருண்டையாக என்னைப் பார்த்தது.

மாமா பூசணிக்காயோடு வந்து நின்றார். போல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாயில் வந்ததைச் சாமி படத்துக்காக விழுங்கிக்கொண்டது தொண்டையில் தெரிந்தது. "ஸ்பேனரைக் கொடு" என்று வாங்கிக் கழுவிப் பொட்டு வைத்து வரிசையில் வைத்தார். வண்டியையும் நடுவில் நிறுத்தி மாலை போட்டுப் பொட்டும் வைத்துவிட்டார்.

"மாமா, உளி வச்சு ரெண்டே தட்டு. வந்துடும்."

"நாளைக்கு."

"அவங்க இன்னிக்கு வர்றாங்க மாமா!"

"அதுக்கு? சாமிகிட்ட உளியைக் கடன் கேட்கச் சொல்றியா?"

மாமா பின்கட்டுக்குப் போன நேரம் பார்த்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் ஒரு சீன மெக்கானிக்கிடம் ஓடினேன். அவருக்கு ஆயுத பூஜை கிடையாதே என்பது என் கணக்கு. அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தவர், மாலையையும் பொட்டையும் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். "உங்க சாமி இன்னும் வண்டியில இருக்கு. நான் தொடமாட்டேன். பேசோக் லா" என்று மலாயில் நாளைக்கு வரச்சொல்லிவிட்டார். நம் சாமிக்கு அவர் பயந்ததில் பாதியாவது நான் பயந்திருந்தால் காலையில் அந்த ஸ்பேனரைத் தொட்டிருக்கமாட்டேன்.

திரும்பி வந்தபோதுதான் சந்தனக் கிண்ணம் கண்ணில் பட்டது. வெண்ணெய் மாதிரி அரைத்த சந்தனத்தை அள்ளி அந்த உருண்டைத் தலை மறையும்படி அப்பினேன். சந்தனம் மட்டும் இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுவில் குங்குமம் வைத்தேன். அதற்கும் மேலே ஒரு சாமந்திப் பூவைச் செருகினேன். எழுந்து நின்று பார்த்தேன். போல்ட் மறைந்துவிட்டது. எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

நாலு மணிக்குப் பெண், அவளுடைய அப்பா, அம்மா மூவரும் வந்தார்கள். அவள் மயில் கழுத்து நிறத்தில் புடவை கட்டியிருந்தாள். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பொரிகடலைப் பக்கம் திரும்பிவிட்டாள். சூடம் காட்டியானது. சுண்டல் கொடுத்தோம். பெரியவர் சுண்டலை ஒரு கையில் வைத்துக்கொண்டு நேராக என் வண்டியிடம் போனார். ஹெட்லைட்டைப் பார்க்கவில்லை, நான் காலையெல்லாம் துடைத்த டேங்க்கைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு அடியில் எட்டிப் பார்த்தார். எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் அவருக்கு முதல் வேலையாம். என்னிடம் அதை யாரும் சொல்லவில்லை.

"வண்டிக்கு வயித்துல யாருப்பா பொட்டு வச்சது?" என்றார். சாமந்தியை எடுத்தார். குங்குமத்தையும் சந்தனத்தையும் கட்டைவிரலால் வழித்தார். உருண்டை வெளியே வந்தது. ஒரு குழந்தையின் காயத்தைப் பார்ப்பதுபோல அவர் முகம் வாடிப்போயிற்று.

"யாரு இதுல கை வச்சது?"

மாமாதான் என்று சொல்லிவிடுவதென்று வாயைத் திறந்துவிட்டேன். 'மா' என்ற எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அப்போது பார்த்தேன், அவளுக்குப் பின்னால், கையில் சூடத் தட்டோடு மாமாவே நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான்" என்றேன்.

"எப்படித் திருப்பினீங்க? செஞ்சு காட்டுங்க."

வண்டி மேல் குனிந்து, கையை அடியில் விட்டு, காற்றில் திருப்பிக் காட்டினேன். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். "தம்பி, மேலேயிருந்து பார்த்தா எது கழட்டற பக்கமோ, கீழேயிருந்து அதுவே முறுக்கற பக்கம். நீங்க இதை நல்லா முறுக்கி வச்சிருக்கீங்க." களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. அவள்தான். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அத்தோடு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரால் முடியவில்லை. விரலால் போல்ட்டைத் திருகிப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "பூஜையில வைக்காத உளி ஒண்ணுகூட இல்லையா?" என்று மாமாவிடம் கேட்டார். "உங்க உளி எங்க இருக்கு?" என்றார் மாமா. அவர் வீட்டிலும் எல்லாம் சாமி முன்னால்தான் இருந்தது. இரண்டு பேரும் பெருமூச்சு விட்டார்கள். பெண்ணின் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நாம மாப்பிள்ளை பார்க்க வந்தோமா, போல்ட் பார்க்க வந்தோமா? ஒரு பதிலைச் சொல்லிட்டு வாங்க" என்றார்.

"இது வெளியே வரட்டும். அப்புறம் பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் பெரியவர்.

விஜயதசமி காலை ஆறரைக்கே கருவிப் பெட்டியோடு வந்துவிட்டார். "அஞ்சு நிமிஷ வேலை" என்றார். என்னை வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க மட்டும் அனுமதித்தார்கள். என் வாழ்க்கை அந்த உருண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது, அதைத் தொடக்கூட எனக்கு உரிமையில்லை. முதலில் பெரியவர் போல்ட் தலையின் இரண்டு பக்கமும் அரத்தால் ராவிச் சின்ன ஸ்பேனரை மாட்டினார், வழுக்கியது. பைப் ரெஞ்ச்சால் கடித்துப் பார்த்தார், தலை இன்னும் தேய்ந்ததுதான் மிச்சம். எட்டு மணிக்கு மாமா, "சூடு காட்டணும்" என்றார். "முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு போல்ட்டுக்கும் சூடு காட்டினதில்லை" என்றார் பெரியவர். "அதனாலதான் ரயில் லேட்டா வருது" என்றார் மாமா. அதன் பிறகு இருவரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. என் மூலமாகச் சொல்லி அனுப்பிக்கொண்டார்கள். நடுவில் இருந்த தூரம் மூன்றடி.

பத்து மணிக்குப் பெரியவர் என்னிடம், "சூடுதான் காட்டச் சொல்லுங்களேன்" என்றார். மாமா ஈரச் சாக்கைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு புளோ லேம்ப்பைப் பற்றவைத்தார். இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு; அலுமினியம் இரும்பைவிடச் சீக்கிரம் விரியும், பிடி தளரும் என்பது அவர் வாதம். போல்ட் இடுக்குகளில் ஒட்டியிருந்த என் சந்தனம் கருகிச் சந்து முழுக்கக் கோயில் வாசனை வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மறுபடியும் பூஜை என்று நினைத்துச் சுண்டலுக்குத் தட்டோடு வந்துவிட்டார். பெரியவர் தரையில் படுத்து, உளியைத் தலையின் ஓரத்தில் சாய்வாக வைத்து, சரியான பக்கமாகத் தட்டினார். ஏழாவது தட்டில் 'டக்' என்றது.

போல்ட் சுழன்று விழ, தார் மாதிரி எண்ணெய் மொத்தமும் அவர் முழங்கை வழியாக வெள்ளைப் பனியனுக்குள் போயிற்று. படுத்தபடியே சிரித்தார். மாமாவும் சிரித்தார். பகை அந்த எண்ணெயோடு வடிந்துபோயிற்று.

பெரியவர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "பொண்ணைக் கேட்டுட்டேன். அவளுக்குச் சம்மதம். எனக்கும் சம்மதம். கைவேலைக்கு நானும் உங்க மாமாவும் இருக்கோம். ஆனா நீங்க சாகற வரைக்கும் ஸ்பேனரைத் தொடமாட்டேன்னு சொல்லணும்." அங்கேயே சாமி படத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தேன். இந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற நான் ஒரு நாளும் கஷ்டப்பட்டதில்லை.

கல்யாணமாகி மூன்றாம் மாதம், எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியிருந்தது. அந்த இடத்தில் தயங்காமல் உண்மையைச் சொன்னதைப் பார்த்துத்தானே என்னைப் பிடித்தது என்று அவளிடம் கேட்டேன்.

"உண்மையா? உங்க மாமா மேல பழியைப் போட வாயைத் திறந்தீங்க. அவர் என் பின்னாடி நின்னதைப் பார்த்து மூடிட்டீங்க. சூடம் வாசனை என் கழுத்துக்குப் பின்னாடியேதானே வந்துச்சு, எனக்குத் தெரியாதா?"

எனக்கு முகம் சுட்டது. "தெரிஞ்சுமா சம்மதிச்சே?"

"பொய் சொல்ல நினைச்ச அந்த ஒரு நிமிஷத்துக்கே உங்க மூஞ்சி எப்படிப் போச்சு தெரியுமா? இந்த மனுஷனால ஆயுசுக்கும் நம்மை ஏமாத்த முடியாதுன்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்."