ராமச்சந்திராபுரத்து கார்டு மயில்

காலை ஏழு மணிக்கு மல்காஜ்கிரி வீட்டிலிருந்து நானும் மருமகள் கவிதாவும் கிளம்பினோம். கவிதா போனில் இரண்டு தட்டு தட்டினாள். ஆட்டோ வாசலுக்கே வந்துவிட்டது. செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு நூற்றுப் பத்து ரூபாய் என்பதையும் போனே சொல்லிவிட்டது.

"ஆஸ்பத்திரியா அம்மா?" என்று ஓட்டுநர் அரைத் தமிழில் கேட்டார்.

"நக்கோ பாபா, அதெல்லாம் இல்ல, கம்ப்யூட்டர் பாக்கப் போறேன்."

"இந்த வயசுலயா?"

"உன் வயசுல பாத்ததத்தான் மறுபடி பாக்கப் போறேன்."

லிங்கம்பள்ளிக்கு உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கிருந்து ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்புக்கு இன்னொரு ஆட்டோ. டவுன்ஷிப்பை ஒட்டிய தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் அறையைக் கூட்டிப் பெருக்கியவள் நான். கம்பெனி பஸ்ஸில் வந்து போன முப்பது வருஷமும் அந்த வேலைதான். இன்று ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து, சமூகக் கூடத்தில் பழைய மெஷின்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

பத்து மணிக்கு உள்ளே போனோம். ஐந்து மேசைகள், கம்ப்யூட்டர் தலைமுறைக்கு ஒன்று. அறை முழுக்க நின்ற மெஷினில் மிஞ்சிய, அட்டைகளைப் படிக்கும் கார்டு ரீடர் முதலில். அடுத்து தட்டு மாதிரி டேப் சுருள்கள், பிளாப்பியோடு டிவி போன்ற பெட்டி, லேப்டாப், கடைசியில் உள்ளங்கை அளவு போன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் போனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தூசு தட்டியவள் நான்தான்.

முதல் மேசையில் வரதன் சார் நின்றார். அந்தக் காலத்து ஆபரேட்டர், கண்ணில் புரை அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "அஞ்சலை, படிக்காத கை கார்டுல படக்கூடாது" என்று என்னை விரட்டியவர். ஒரு வருஷம் உட்கார்ந்து அந்த ரீடரைச் சரிசெய்து லேப்டாப்போடு இணைத்திருந்தார். அந்தக் காலத்தில் அவர் ஓட்டை போட்டு வைத்த அட்டைகளை அது படித்தால் பிரிண்டரில் எழுத்துகளாலேயே ஒரு மயில் வரும். ஓர் அட்டைக்கு ஒரு வரி. பதினொரு மணிக்கு ஜெனரல் மேனேஜர் முன்னால் ஓட்ட வேண்டும்.

பத்தரைக்கு அவர் முழங்கை பட்டு, நூற்றிருபது அட்டையும் தரையில் சிதறின.

"நம்பர் பாத்து அடுக்கிடலாம் சார்" என்றாள் கவிதா.

"நம்பர் அடிக்கலம்மா. ஆபீஸ் வேலை இல்லயே, விளையாட்டுக்குப் பண்ணதுதான!" அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "காலு தலைல வரும். ஒரு வருஷ வேலை போச்சு."

நான் தரையில் உட்கார்ந்து அட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"அத்தை, ஏற்கெனவே கலஞ்சிருக்கு..."

"பேசாம இரு."

ஒவ்வோர் அட்டையின் மேல் விளிம்பிலும் கடுகளவு சிவப்புப் புள்ளி இருந்தது. ஒன்றில் இடது ஓரம், இன்னொன்றில் நடுவில், வேறொன்றில் வலது ஓரம். இடமிருந்து வலமாகப் புள்ளி நகர நகர அடுக்கிக்கொண்டே போனேன். கட்டு சேர்ந்ததும் புள்ளிகளெல்லாம் சேர்ந்து, மேலே ஒரே சாய்கோடாக நின்றன.

வரதன் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இந்தக் கட்டுக்கு நான் கோடு போடலயே! யார் போட்டது?"

"நான்தான் சார். கலஞ்சா அடுக்கறதுக்குன்னு மத்த கட்டுக்கெல்லாம் நீங்க கோடு போடறத பாத்துட்டே இருப்பேன். இது என் தொடப்பம் படற எடத்துலயே இருந்துச்சு. தட்டிட்டா என் வேலை போயிடும்னு, நீங்க டீ குடிக்கப் போனப்ப உங்க பென்சிலாலயே போட்டேன்."

"அடிப்பாவி! முப்பது வருஷத்துல சொல்லவே இல்லயே?"

"சொன்னா தொட்டதுக்குத் திட்டுவீங்களே!"

பதினொரு மணிக்கு ரீடர் கடகடவென்று அட்டைகளை விழுங்கியது. பிரிண்டர் வரி வரியாகத் தள்ளியது. கொண்டை, கழுத்து, விரித்த தோகை, கடைசியில் இரண்டு கால். எல்லாம் அதனதன் இடத்தில். கூடமே கைதட்டியது. ஐந்தாம் மேசைப் பிள்ளைகள்கூட போனை வைத்துவிட்டு ஓடிவந்தார்கள்.

நாலு மணி ரயிலுக்குக் கிளம்பும்போது வரதன் சார் வாசல்வரை அட்டைக் கட்டோடு வந்தார். மறு கையில் சிவப்புப் பென்சில்.

"கோடு மங்கிடுச்சு. போட்டுட்டுப் போங்க அஞ்சலையம்மா."

அவர் என்னை 'வாங்க, போங்க' என்றது அன்றுதான் முதல் தடவை. அட்டைக் கட்டை வாசலருகே இருந்த மேசையில் நிமிர்த்தி வைத்து, எல்லோரும் பார்க்க, ஓரத்திலிருந்து ஓரம்வரை அழுத்தி இழுத்தேன்.