வெங்காயத்துக்கு ஊற்றிய கேன் தண்ணீர்

பேர் சின்னப்பையன், வயது ஐம்பத்தேழு. அந்தப் பேரோடேயே மனுஷன் தாத்தாவும் ஆகப் போகிறார். டோல்கேட் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் லேப் உதவியாளர். முப்பது வருஷத்தில் ஒரு குப்பியை உடைத்ததில்லை, ஒரு வார்த்தை வீணாகப் பேசியதில்லை என்பார். முதல் பாதி நிஜம்.

அங்கே ஆராய்ச்சி செய்கிற எழில்மொழி, எண்ணூர் கழிமுகத்துத் தண்ணீரில் வெங்காயத்தை உட்கார வைத்து வேர் விடச் செய்தாள். தண்ணீர் கெட்டிருந்தால் செடியின் மரபணுவே சேதமாகும், வேர் நுனியில் அது சீக்கிரம் தெரிந்துவிடும் என்றாள். ஒப்பிட்டுப் பார்க்க, சுத்தமான தண்ணீரில் இன்னொரு வரிசை. அதற்குத் தினமும் தண்ணீர் மாற்றுவது சின்னப்பையன் வேலை.

மூன்றாவது தடவையும் செய்து பார்த்துவிட்டு அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வரிசையிலயும் குரோமோசோம் உடைஞ்சிருக்குண்ணே. சுத்தத் தண்ணியில இவ்ளோ வரவே கூடாது. நான்தான் எங்கியோ தப்பு பண்றேன்."

அவருக்கு மனசு கேட்கவில்லை. "தப்பு உன்னுது இல்லமா. தண்ணி காய்ச்சி வடிக்கிற மிஷினு ரெண்டு வாரமா பேஜாரு. நீயே டென்ஷன்ல கீற, உன்கிட்ட இன்னாத்துக்கு சொல்லிகினுன்னு எங்க வூட்டு கேன் தண்ணிய எட்தாந்து ஊத்தினேன். கலீஜ் தண்ணி இல்ல. பொண்ணு மாசமா கீதுன்னு அதுக்குன்னே வாங்குறது."

"அப்பாடா, அப்ப என் தப்பு இல்ல" என்று சொன்ன பிறகுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

மைக்ராஸ்கோப்பில் காட்டச் சொன்னார். இரண்டு பக்கமும் சரியாகப் பிரிய வேண்டிய இழைகள் துண்டு துண்டாகக் கிடந்தன.

"இத்த மனுசன் குடிச்சா?"

"வெங்காயத்தை வெச்சு மனுஷங்களுக்கும் இப்படித்தான்னு சொல்ல முடியாதுண்ணே."

"ஒண்ணும் ஆவாதுன்னு சொல்ல முடியுமா?"

அவள் மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள்.

"கொதிக்க வெச்சா பூடுமா?"

"கிருமி போகும். இது வேற. என்ன கலந்திருக்குன்னே தெரியலையேண்ணே."

வள்ளூர் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போகிற வழியெல்லாம் யோசித்தார். அடிபம்பில் வருவது மஞ்சள் தண்ணீர். லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வேறு கடையில் கேன் வாங்கலாம். அவன் எங்கே ரொப்புகிறானோ, யார் கண்டது? வேறு ஊருக்குப் போக வக்கில்லை. கேட்க ஆளில்லை, கேட்டாலும் காட்ட அவரிடம் நாலு வெங்காயம்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் மகிழினி, ஏழு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்தபடி கேட்டாள்.

"நைனா, நாக்கு வறண்டுகினு கீது. தண்ணி குடு."

கேனுக்கு முன்னால் சொம்போடு நின்றார். நின்று பார்த்தார். அப்புறம் பிடித்துக் கொடுத்தார்.

"கொஞ்சமா குடிம்மா."

"நெறைய குடிக்கணும்னு டாக்டரம்மா சொல்லிகீது நைனா" என்றவள், மொத்தத்தையும் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டாள்.