எட்டு எழுத்தில் ஒரு யானை

திருப்பூர் மண்ணரையைப் பின்னால் விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு சார்ஜர்.

எதற்காக நடந்தேன்? வாராவாரம் படிக்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்துவிட்டது. ஒரு பனியன் கம்பெனியில் அயர்னிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தேன். ஆர்டர் குறைந்தது. குடும்பம் உள்ளவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினார்கள். நியாயம்தான். தங்கியிருந்த அறையும் கம்பெனியுடையது. ஆக, வேலையும் கூரையும் ஒரே நாளில் போயின. எனக்கு இது புதிதில்லை. வெயில்தான் கொஞ்சம் அதிகம்.

முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் போனால் ஏதாவது ஒரு ஷெட்டில் ஆள் கேட்பார்கள் என்பது என் கணக்கு. கணக்கு தப்பவில்லை. ஒரு எம்பிராய்டரி யூனிட் வாசலில் வாட்ச்மேன் சொன்னார்: “இப்பத்தானுங்க ஒரு ஆளை நிறுத்துனாங்க. உள்ள போய்க் கேட்டுப் பாருங்க.”

நிறுத்தப்பட்ட ஆள் எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்திலும் ஒரு பை. அவர் என் பையைப் பார்த்தார். நான் அவர் பையைப் பார்த்தேன். உள்ளே போகிற பை எது, வெளியே போகிற பை எது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். என் பெயர் வேலு என்றேன். அவர் பெயர் பிகாஷ். ஒடிசாக்காரர். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஊரில் தங்கைக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். “மாப்பிள்ளைகிட்ட சொல்லி, அண்ணன் திருப்பூர்ல மெஷின் ஆபரேட்டர்” என்றார். என்ன நடந்தது என்று கேட்டேன். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

“அக்கா சொல்லி, பிங்க் துணி நம்பர் டூ. நான் நம்பர் டூ போட்டு. தொப்பி வந்து. நான் போய் கேட்டு, அக்கா, தொப்பி... அக்கா போன்ல. நம்பர் டூ தானே, ஓட்டு சொல்லி. நான் ஓட்டி.”

எனக்குப் பாதிதான் புரிந்தது. எழுந்து உள்ளே போனேன். வேலை வேண்டுமே...

ஓனர் ருக்மணி அக்கா. நாற்பது வயது இருக்கும். ஷெட்டும் அவரே, மெஷின் வாங்கிய கடனும் அவரே, ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அவரே. மேஜை மேல் பிங்க் நிறத் துண்டுத் துணிகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் நெஞ்சுப் பக்கம் ஒரு குட்டி யானை. யானை தலையில் தொப்பி.

“பாருங்க. பொம்பளைப் பிள்ளைக பனியனுக்குப் பூ வெச்ச யானை. ஆம்பளைப் பசங்களுக்குத் தொப்பி வெச்ச யானை. காலைல இருந்து பிங்க் பூராவும் தொப்பியைப் போட்டு வெச்சிருக்கானுங்க. நூலைப் பிரிச்சா துணி சல்லடையாப் போயிரும். இந்தப் பையாக்களே இப்படித்தானுங்க, சொன்னதைக் காதுல வாங்கறதில்லை.”

வடக்கேயிருந்து வந்தவர் யாரானாலும் இங்கே பையாதான். நூல் மாற்றத் தெரியுமா, ஃப்ரேம் மாட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். உண்மையிலேயே தெரியும். முன்பு ஒரு வருஷம் அருள்புரத்தில் செய்திருக்கிறேன். நாளைக் காலையில் வந்துவிடுங்கள் என்றார். டீ குடித்துவிட்டுப் போகவும் சொன்னார். கொங்கு நாட்டில் ஆளை நிறுத்தினாலும் சேர்த்தாலும் மரியாதைக்குக் குறைவிருக்காது.

டீ வந்தது. ஒரு நூல் கோன் பெட்டி மேல் உட்கார்ந்தேன். பக்கத்தில் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் முன்னால் ஜெபா. யானைக்கு எந்த இடத்தில் எந்தத் தையல் விழ வேண்டும் என்று மெஷினுக்குப் புரிகிற ஃபைலாக மாற்றித் தருகிற பெண். இங்கே அதைப் பஞ்சிங் என்பார்கள். நாசரேத் பக்கம் ஊர். கம்ப்யூட்டர் படித்தவள். கோபத்தில் ஒரு பென்டிரைவைத் திட்டிக்கொண்டிருந்தாள். வைரஸாம். காலையில்தான் எல்லாவற்றையும் அழித்து, டிசைன்களை மறுபடி ஏற்றினாளாம்.

இந்த இடத்தில் நான் டீயை மட்டும் குடித்திருக்கலாம். குடித்துவிட்டுப் போயிருந்தால் மறுநாள் நான் ஆபரேட்டர். ஆனால் நாக்கு சும்மா இருக்கிறதா?

“வெளியில உக்காந்திருக்கிற தம்பி ரெண்டாம் நம்பர்தான் போட்டேன்னு சொல்றாரே” என்றேன்.

ஜெபாவின் கை கீபோர்டில் அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பினாள். “திரும்பச் சொல்லுங்கண்ணே...”

திரும்பச் சொன்னேன். அவள் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு மெஷின் பக்கம் ஓடினாள். அக்கா பின்னாலேயே போனார். நானும்தான்.

விஷயம் இதுதான். அந்த மெஷின்கள் பழசு. வேறு தேசத்தில் உழைத்து ஓய்ந்து, கப்பலேறி இங்கே வந்து மறுபடி உழைக்கிறவை. ஃப்ளாப்பி போட்டு ஓட்டிய காலத்து மூளை. இப்போது ஃப்ளாப்பி இருந்த ஓட்டையில் பென்டிரைவ் செருக ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். மூளை மட்டும் அதேதான். அந்த மூளைக்கு ஒரு ஃபைலின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போனால் படிக்கத் தெரியாது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்த மெஷின் மேல் எனக்கு உடனே ஒரு பாசம் வந்துவிட்டது.

பார்ட்டிகள் அனுப்புகிற பெயர் எப்படி இருக்கும்? முதலில் சீசன், பிறகு ஸ்டைல் நம்பர், பிறகு கிட்ஸ், எலிஃபன்ட், எந்தப் பக்கம், எந்தக் கலர்... கடைசியில்தான் தொப்பியா பூவா என்பதே வரும். அதற்கும் பின்னால் ஃபைனல் என்று ஒட்டுவார்கள். திருத்தம் வந்தால் ஃபைனல் ஓகே. இன்னொரு திருத்தம் வந்தால் ஃபைனல் ஓகே நியூ. தலை எல்லாவற்றுக்கும் ஒன்று. வித்தியாசம் வாலில்.

மெஷினுக்கோ வால் தெரியாது. அதனால் கம்ப்யூட்டரே தலையில் ஆறு எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு நெளிவுக் குறி போட்டு, பக்கத்தில் ஒரு எண்ணைக் கொடுத்துவிடுகிறது. முதலில் ஏறிய ஃபைலுக்கு ஒன்று. அடுத்து ஏறியதற்கு இரண்டு. மெஷின் திரையில் படமும் கிடையாது. தெரிவது அந்த எண்தான். ஷெட்டில் எல்லோரும் யானையையும் கரடியையும் மறந்து ‘ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர்’ என்றே பழகிவிட்டார்கள்.

நேற்று பூ வைத்த யானை இரண்டாவதாக ஏறியிருந்தது. இன்று காலை அழித்து ஏற்றியபோது அது முதலில் ஏறிவிட்டது. தொப்பி யானை இரண்டாம் நம்பர் ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

பிகாஷ் போட்டது இரண்டாம் நம்பர்தான்.

“அப்ப அவன் தொப்பின்னு வந்து கேட்டது...” என்று அக்கா ஆரம்பித்தார். பிங்க் துணிகளை ஓரமாக நகர்த்தினார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டார். “அவரை உள்ள வரச் சொல்லுங்க. சாப்பிட்டாரான்னு கேளுங்க.”

அவன், அவர் ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன். என் ஆபரேட்டர் வேலை போய்விட்டதையும் கவனித்தேன்.

பிகாஷ் பையோடு வந்து நின்றார். ஜெபா இந்தியும் தமிழும் கலந்து, தப்பு தன்னுடையது என்று சொன்னாள். அக்கா, “நானும் நீங்க சொல்ல வந்ததை முழுசாக் கேக்கலைங்க” என்றார். பிகாஷ் பையை வைத்துவிட்டு நேராக மெஷினிடம் போய், அறுந்திருந்த ஒரு நூலைக் கோக்க ஆரம்பித்தார்.

பார்ட்டிக்கு அக்காவே போன் போட்டார். மாற்றுத் துணி உடனே அனுப்புவதாகச் சொன்னார்கள், கொஞ்சம் திட்டிவிட்டு. அது முடிந்ததும் அக்கா சொன்னார், இனிமேல் பெயரையே சின்னதாக வைத்துவிடலாம் என்று. ஜெபா முடியாது என்று தலையை ஆட்டினாள். பார்ட்டி வைத்த பெயரில் கை வைக்க முடியாது. அதே பெயரில்தான் அவர்கள் திரும்பக் கேட்பார்கள். நாமாக எண் கொடுத்தால் எந்த எண் எந்த யானை என்று யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஞாபகத்தின் லட்சணம்தான் மேஜை மேல் குவிந்து கிடக்கிறதே...

“ஹாஷ் போட்டிருவோம்க்கா” என்றாள்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். எனக்கு இன்னும் மலைப்பு தீரவில்லை.

அவள் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினாள். அதில் தொப்பி யானையின் நீண்ட பெயரைக் கொடுத்தாள். திரையில் எட்டே எட்டு எழுத்து வந்தது. இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் கலந்து, வாயில் நுழையாத ஒரு பெயர். பூ யானையின் பெயரைக் கொடுத்தாள். கொஞ்சமும் சம்பந்தமில்லாத வேறு எட்டு எழுத்து. தலை ஒன்றாக இருந்த இரண்டு பெயர்களா இவை? அண்ணன் தம்பி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“பெயர்ல ஒரே ஒரு புள்ளியை எடுக்கேன், பாருங்கண்ணே” என்றாள். எடுத்தாள். எட்டு எழுத்தும் தலைகீழாக மாறிவிட்டது. புள்ளியைத் திரும்ப வைத்தாள். பழைய எட்டு எழுத்து அப்படியே திரும்பி வந்தது.

எங்கே எழுதி வைத்திருக்கிறது இதையெல்லாம் என்று கேட்டேன். எங்கேயும் இல்லையாம். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்குப் போடுகிறதாம். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒன்றுவிடாமல் எடுத்து, பிசைந்து, கலக்கி, கடைசியில் எட்டு எழுத்தைப் பிழிந்து தருகிறது. எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் போட்டாலும் இதே பெயருக்கு இதே எட்டுதான். முதலில் ஏற்றினாலும் கடைசியில் ஏற்றினாலும் இதே எட்டுதான்.

நான் கொஞ்ச நாள் சாயப்பட்டறையில் இருந்தவன். அங்கேயும் இப்படித்தான், அதே ரெசிபி போட்டால் அதே ஷேடு வரும், துணியைப் பார்த்து ரெசிபியைச் சொல்ல முடியாது என்றேன். ஜெபாவுக்கு அது பிடித்துவிட்டது. “ஆனா சாயத்துல ஒரு சிட்டிகை கூடுனா ஷேடு லேசாத்தான மாறும்? இதுல ஒரு சிட்டிகைக்குச் சிவப்பு பச்சையாயிரும்” என்றாள்.

இரண்டு பெயருக்கு ஒரே எட்டு எழுத்து வந்துவிட்டால்? விடாமல் கேட்டேன். வரலாம், ரொம்ப ரொம்ப அபூர்வம் என்றாள். அப்படி வந்தால் புரோகிராம் அங்கேயே நின்று சத்தம் போடும்படி எழுதியிருக்கிறாளாம். நடக்கவே நடக்காது என்று அவள் சொல்லாததால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கம்ப்யூட்டரில் நீளப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, பென்டிரைவில் மட்டும் எட்டு எழுத்துப் பெயரோடு டிசைன்களை ஏற்றினாள். ஒவ்வொரு டிசைனின் சாம்பிள் துணி ஓரத்திலும் அந்த எட்டு எழுத்தை மார்க்கரில் எழுதினாள். பிகாஷ் சாம்பிளைக் கையில் பிடித்துக்கொண்டு, மெஷின் திரையில் அதே எழுத்துகளைத் தேடினார். பட்டனை அமுக்கினார். பூ வைத்த யானை பிங்க் துணியில் ஒவ்வொரு தையலாக எழுந்து வந்தது. அக்கா உட்பட எல்லோரும் நின்று பார்த்தோம். தினமும் பார்க்கிற யானைதான். அன்றைக்கு ஏனோ, நிஜ யானை தெருவில் வந்தால் நிற்பதுபோல நின்றோம்.

அன்று பிகாஷின் அறையில் இடம் கிடைத்தது. போர்வை விரித்துப் படுத்தேன். ஒரே யோசனை. சுருக்குவது ஒன்றும் தப்பில்லை. இந்த ஊரில் எதைத்தான் சுருக்கவில்லை? ஆயிரம் மைல் தாண்டி வந்தவன், தங்கை கல்யாணத்தை மனதில் வைத்துக்கொண்டு நூல் கோக்கிறவன்... அவனுக்கு நாம் வைத்த பெயர் ‘பையா’. அது தலையைப் பார்த்து வெட்டுகிற வேலை. இந்த ஹாஷும் சுருக்கத்தான் செய்கிறது. ஆனால் முழுசும் படித்துவிட்டுச் சுருக்குகிறது. ஒரு புள்ளியைக்கூட அலட்சியப்படுத்துவதில்லை.

மறுநாள் காலை அக்கா கூப்பிட்டார். “ஆபரேட்டர் வேலை இல்லீங்களே. பிசிறு வெட்ட ஆள் வேணும். இருக்கறீங்களா?”

இருக்கிறேன் என்றேன். எம்பிராய்டரி முடிந்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் குட்டிக் கத்தரியால் வெட்டுகிற வேலை. பெரும்பாலும் பெண்கள் செய்வது. அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒரு அம்மா, அண்ணனுக்கு மீசையில் பிசிறு நிறைய இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிகாஷ் முதல் கட்டுத் துணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எல்லாமே பூ வைத்த யானைகள். போகத் திரும்பியவர் நின்றார்.

“அண்ணா... வேலு சின்னப் பேரு. ஃபுல் பேரு என்ன?”

உங்களுக்கே நான் சொன்னதில்லை. என்னைக் கேட்டவர்களும் அதிகம் பேர் இல்லை. குழந்தைவேலாயுதம் என்றேன்.

பிகாஷ் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தார். தப்பும் தவறுமாகத்தான் சொன்னார். ஆனால், கடைசி எழுத்து வரைக்கும் சொன்னார்.