போர்வை மறைத்த விமானம்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் மேலே எந்த விமானம் பறந்தாலும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போகும். பொய். எந்த விமானத்துக்கும் என்னைத் தெரியாது. நான் விமானத்தில் ஏறியதில்லை. தெருமுனை டீக்கடைக்குப் போவதே இப்போது எனக்கு வெளிநாட்டுப் பயணம்.

அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. மனைவி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். ஷேர் ஆட்டோ ஓட்டிய நான் வண்டியை விற்றுவிட்டு அப்பாவின் கட்டிலுக்கு டிரைவரானேன். நகராத வண்டி.

மாடியில் குடியிருந்த ஐ.டி.காரர் காலி செய்தபோது, விரல் நீளத்தில் ஒரு கருவி, ஓர் ஆன்டெனா, ஒரு பழைய லேப்டாப் மூன்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். விமானங்கள் தங்கள் நம்பர், இடம், உயரம் எல்லாவற்றையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே பறக்குமாம். கருவி அதைப் பிடித்து வரைபடத்தில் காட்டும். எனக்கு இங்கிலீஷ் வராது. விமானப் படத்துக்கு எதற்கு இங்கிலீஷ்? ஆன்டெனாவை மொட்டை மாடியில் துணிக்கொடிக் கம்பத்தில் கட்டினேன்.

மஸ்கட்டில் வேலை செய்யும் தம்பி லீவில் வருவதாகச் சொல்லி விமான நம்பரை அனுப்பியிருந்தான். லீவு முடிகிற வரைக்கும் அப்பாவை அவன் பார்த்துக்கொள்வான். நான் திருமுல்லைவாயிலில் ரயில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரை போய், இறங்காமல் அப்படியே திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அவன் வருகிற அன்று காலையிலேயே பேண்ட் போட்டுக்கொண்டேன்.

வேலூர் பக்கம் அந்த நம்பர் முளைத்தது.

"எங்கடா கீறான்?" என்றார் அப்பா.

"வேலூராண்ட, நைனா."

"அங்க இன்னாடா வேல? நேரா வரச் சொல்லு."

"நான் சொன்னா பிளேன் கேக்குமா? உன் புள்ளயே கேக்க மாட்டான்."

காஞ்சிபுரத்தை நெருங்கும்போது திரை காலி. ஒரு விமானமும் இல்லை. என் முகத்தைப் பார்த்தே அப்பாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"வுயுந்துடுச்சாடா?"

மாடிக்கு ஓடினேன். அப்பாவின் போர்வையைத் தினமும் துவைத்து அந்தக் கொடியில்தான் போடுவேன். காற்றில் ஈரப் போர்வை ஆன்டெனாவை நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிடுங்கி எடுத்தேன்.

வடாம் காயவைத்துக்கொண்டிருந்த எதிர் வீட்டு அக்கா, "இன்னாபா, வெள்ளக்கொடி காட்டுற? யார்கிட்ட தோத்துட்ட?" என்றார்.

அதற்குள் அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு விமானம் தாழ்ந்து வந்தது. அதுதான்! போர்வையைத் தலைக்கு மேலே சுற்றினேன்.

"யக்கா, என் தம்பி போறான்கா!"

"கைய எறக்குபா. உன்னப் பாத்துட்டு அங்கியே குதிச்சிடப் போறான்."

கீழே வந்து, "எறங்கிட்டான் நைனா" என்றேன். அப்பா தன்னைச் சவரம் செய்யச் சொன்னார். செய்தேன். வஞ்சிரத்தைக் குழம்பில் போட்டேன். அவருக்குத் தலை வாரினேன். போன் அடித்தது. மஸ்கட் நம்பர்.

"அண்ணாத்தே, நான் ஏறல. கெளம்பற நேரத்துல லீவு இல்லன்ட்டானுங்க."

"பிளேன் வந்துச்சேடா. நான் பாத்தேனே."

"பிளேன் வரும். நான் வரல."

கருவி உயரம் சொல்லும், வேகம் சொல்லும். உள்ளே யார் என்று மட்டும் சொல்லாது. முன்பின் தெரியாத ஒரு கூட்டத்துக்கு நான் போர்வை வீசியிருக்கிறேன். போட்ட பேண்ட்டைப் பார்த்தேன். ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான்.

உள்ளேயிருந்து அப்பா கேட்டார்: "எங்கடா வந்துகினு கீறான்?"

வழவழவென்று சவரம் செய்த முகத்தோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு கட்டிலருகே போய் உட்கார்ந்து, நான் என்ன சொன்னேன் என்றால்—

"டேய்! ஈரமா கீதுடா!"

இதோ, இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா கூப்பிடுகிறார். போர்வை மாற்ற வேண்டும்.

"தோ வரேன், நைனா."