திருவேங்கடசாமி அவர்கள் தராமல் போன இரண்டணா

சபைக்காரர் திருவேங்கடசாமி அவர்கள் காலமாகிவிட்டார் என்று பால்காரர்தான் வந்து சொன்னார். நான் வாசலுக்குச் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஆலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய் அவரிடம் சொன்னேன்.

“அப்ப நம்ம ரெண்டணா?” என்றார்.

செத்தவரைப் பற்றி முதல் வார்த்தையாக இதைக் கேட்டுவிட்டோமே என்று அவருக்கே கூச்சமாகப் போயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குக் கூச்சம் ஒன்றும் வரவில்லை. நானும் அதையேதான் நினைத்தேன்.

பஜனை மடத்தில் அவர் படத்தை மாட்டும் அன்று வாசிக்க நாலு வரி எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் அவருடைய பக்தியைப் பற்றியும் குரலைப் பற்றியும் சொல்வார்கள். அவை இரண்டும் அவரிடம் இருந்தன, மறுக்கவில்லை. நம் சந்துக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டு வந்தவரும் அவர்தான். அதற்கு முன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நாம் அலைந்த அலைச்சல் நம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த சபைக்காரரை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

போன ஆடியில் ஆலைக்காரர்கள் ரூபாய்க்கு இரண்டணா கூலியைக் குறைத்தார்கள். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். அவர்களைச் சமாதானம் செய்ய வந்தவர் நம் சபைக்காரர். பட்டணத்துச் சட்டசபையில் அங்கத்தினர், நெற்றி நிறைய நாமம், நம் தெருக்காரர். அவர் சொன்னால் கேட்காமல் இருப்பார்களா? ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டால் உடம்புக்கும் நல்லது, பெருமாளுக்கும் உகந்தது என்றாராம். கடைசியில், “தை பொறக்கட்டுமுங்க. பழைய கூலியை நானே முன்னால நின்னு வாங்கித் தாரேன். இது எம்பட வாக்கு” என்று கையைத் தூக்கிச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை. அவ்வளவு பெரிய மனிதரிடம் எழுதிக் கேட்பது மரியாதை இல்லை என்று நம் ஆண்கள் நினைத்தார்கள். மறுநாள் காலை சங்கு ஊதியதும் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

குடும்பச் செலவை எழுதி வைக்கிறவளுக்குத்தான் இரண்டணாவின் நீளம் தெரியும். முதலில் பாலைப் பாதியாக்கினேன். பிறகு என் வீட்டுக்காரர் வெற்றிலையை விட்டார். காரமடைத் தேருக்கென்று தனியாக முடிந்து வைத்திருந்ததும் கரைந்தது. பெருமாள் விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெயைக் குறைத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியும் கட்டுப்படியாகாமல் போகவே மூத்தவள் ருக்மணியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினோம். தையில் மறுபடி போகலாம் கண்ணு என்று அவளிடம் சொன்னேன். சபைக்காரர் வாக்கை நான் அப்படியே என் குழந்தைக்குக் கொடுத்தேன்.

ஆவணியில் மளிகைக் கடையில் பருப்பு மடித்துக் கொடுத்த பத்திரிகைத் தாளைப் பிரித்துப் படித்தேன். நானாகக் கற்றுக்கொண்ட எழுத்து என்பதால் எந்தத் தாளையும் படிக்காமல் போடுவதில்லை. சபை அங்கத்தினர்களுக்கு மாதச் சம்பளத்தையும் பிரயாணப் படியையும் உயர்த்தத் தீர்மானம் வந்ததாம். ஆதரித்துப் பேசியவர்களில் நம்மவர் பெயரும் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் அவரைப் பார்த்தபோது மரியாதையாகத்தான் கேட்டேன். “ஏனுங்க, உங்களுக்குச் சம்பளம் கூடியிருக்குதாமுங்களே?”

அவர் சிரித்தார். “அது எனக்கில்லீங்க அம்மணி, நான் உக்காந்திருக்கிற நாற்காலிக்கு. நாற்காலிக்கு ஒரு கௌரவம் வேணுமில்லீங்களா?”

நாற்காலி என்ன சாப்பிடும் என்ற கேள்வி வாய் வரை வந்தது. குடம் நிறைந்துவிட்டது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவர் செம்புக்கு நாமம் போட்டு, துளசி சுற்றி, செருப்பில்லாமல் வீடு வீடாக வந்து அரிசி வாங்குவது நமக்கெல்லாம் தெரியும். எத்தனை பெரிய பணக்காரராக இருந்தாலும் அன்றைக்குக் கோவிந்தா என்று கேட்டுத்தான் பெருமாளுக்குப் படைக்கிற தளிகைக்கு அரிசி சேர்க்க வேண்டும். வந்தவரை இல்லையென்று அனுப்பக் கூடாது. போட்டதைக் குறை சொல்ல அவருக்கும் உரிமை இல்லை. அந்த வழக்கத்தைப் பெருமாள் எதற்காக வைத்தான் என்பது எனக்கு அந்த வருஷம்தான் விளங்கியது.

முதல் சனிக்கிழமை என் வாசலில் வந்து நின்றார். ஜால்ரா போட இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வந்தேன். செம்புக்கு மேலே கையைக் கொண்டுபோய், அவர் பார்க்கவே அதிலிருந்து இரண்டு சிட்டிகையை எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டு மீதியைச் செம்பில் விட்டேன்.

“ரெண்டணா புடிச்சுட்டனுங்க. தை பொறந்ததும் சேர்த்துப் போட்டர்றனுங்க” என்றேன்.

ஜால்ராக்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். சபைக்காரர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. கோவிந்தா என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். இரவு படுக்கும்போதாவது உறுத்தும் என்று நம்பினேன்.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் ஆலை வாசல் கூட்டத்துக்குப் போய்விட்டு உற்சாகமாக வந்தார். சபைக்காரர் பிரமாதமாகப் பேசினாராம். அவர் பேசியதை இவர் அப்படியே பேசிக் காட்டினார். “போன சனிக்கிழமை ஒரு ஊட்டு அம்மணி எனக்கு அரிசியைக் கொறைச்சுத்தான் போட்டாங்க. மொகம் சுளிக்காம வாங்கிக்கிட்டேனுங்க. நானே கொறைச்சு வாங்கிக்கிறப்ப, நீங்க வாங்கப்படாதுங்களா?” கூட்டம் கை தட்டியதாம். தானும் தட்டியதாகச் சொன்னார். யாரோ ஒரு புண்ணியவதி அவருக்கு நல்ல புத்தி சொல்லியிருக்கிறாள் என்றும் சொன்னார்.

“அந்தப் புண்ணியவதி நாந்தானுங்க. நான் அவரைக் குத்திக் காட்டுனா, நீங்க அவருக்கே கை தட்டிட்டு வந்திருக்கறீங்க” என்றேன்.

நான் வைத்த சூட்டைக்கூட மாலையாகப் போட்டுக்கொண்டு மேடை ஏறக்கூடியவர் சபைக்காரர். அவருடைய திறமை என்று நான் ஒப்புக்கொள்வது அதைத்தான்.

தை பிறந்தது. கேட்கப் போனவர்களிடம், பஞ்சு விலை சரியில்லை, சித்திரை வரட்டும் என்றார். சித்திரையில் அவர் கொடுமுடிக்கு யாத்திரை போயிருந்தார். திரும்பி வந்ததிலிருந்து நெஞ்சு வலி என்று யாரையும் பார்க்கவில்லை. ருக்மணி கேட்பதை நிறுத்திக்கொண்டாள். ஆனியில் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்த பிறகு நாலு பேர் ஆலை மேனேஜரிடம் போனார்கள், என் வீட்டுக்காரரும் போனார். “நானா வாக்குக் குடுத்தேன்? குடுத்தவரைப் போய்க் கேளுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். சபைக்காரர் மகனோ, அப்பா தன்னிடம் அப்படி எதுவும் சொல்லவில்லையே என்று தணிவாகச் சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினார். இரண்டணா அத்தோடு முடிந்தது. பஜனை மடத்தில் அவர் படத்தை மாட்ட வீட்டுக்கு எட்டணா கேட்டு வந்தார்கள். நான் கொடுக்கவில்லை. அவருடைய ஆத்துமா சாந்தியடைய வேண்டிக்கொண்டேன், அது உண்மை. பெருமாள் சந்நிதியில் பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம், அவருடைய இடத்துக்குத் தேர்தலில் நிற்கப் போகிறவர் ஆலைச் சந்தில் வீடு வீடாக வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எங்கள் வீட்டு வாசலிலும் கை கூப்பி, ஆலைக்கூலி விஷயத்தைத் தானே முன்னின்று பேசி முடிப்பதாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் பாயை எடுக்க உள்ளே திரும்பினார்.

“இருங்க” என்று அவரை நிறுத்திவிட்டு வந்தவரிடம் கேட்டேன். “ஏனுங்க, உங்களுக்கு அங்க சம்பளம் எத்தனைங்க? எங்க பழைய கூலி திரும்பி வர்ற வரைக்கும் அதுல ரூபாய்க்கு ரெண்டணா வேண்டாமுன்னு இப்பவே எழுதிக் குடுத்தர்றீங்களா?”

ருக்மணி உள்ளே போய்த் தன்னுடைய பழைய பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் பென்சிலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

திருவேங்கடசாமி அவர்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி. அதை இனி எந்த வாசலிலும் யாரிடமும் கேட்காமல் விட மாட்டேன். நீங்களும் கேளுங்கள்.